உதடு ஒட்டும் எழுத்துகள்

சாலிகிராமத்தில் கீழே பரோட்டாக் கடை.
மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக்,
அதற்குள் ஓர் ஆகாயக் கப்பல்.

ஞாயிறு பதினொன்றரைக்கு டிவியில் வரும்,
வீடுகளில் கறி வேகும் நேரம்.
சனிக்கிழமைக்குள் எல்லாரும் தமிழ் பேசியாக வேண்டும்.

நான் பிறக்காத காலத்துப் படம்.
கப்பல் அட்டையும் தகரமும்.
இரண்டு இடத்தில் கம்பி தெரிகிறது.
இருட்டாக்கிவிடட்டுமா என்றான் கபூர்.
விடு, தொங்குவது தெரிந்தால்தான்
விழும்போது நம்புவார்கள் என்றேன்.

வெள்ளைக் கையுறை போட்ட வில்லனின் பெயர்
எந்த வாயிலும் நுழையவில்லை.
ககனராஜன் என்று மாற்றினேன்.
சொல்லிப் பாருங்கள்,
உதடு ஒருமுறைகூட ஒட்டாது.

என் வேலை அதுதான்.
வெள்ளைக்காரன் உதடு சேரும் இடத்தில்
ஒரு ப வைக்க வேண்டும், இல்லையென்றால் ம.
திறந்திருக்கும் இடத்தில் இரண்டும் ஆகாது.
அந்தக் காலத்துப் புலவர்கள் சவாலுக்காக
இதழ் ஒட்டாமல் செய்யுள் கட்டினார்களாம்.
எனக்கு ரீலுக்கு எழுநூறு ரூபாய்.

நான்காவது ரீலில் ககனராஜன்
நகரத்தின் தலைக்கு மேல் கப்பலை நிறுத்துகிறான்.
கோபுர மணிகள் மேல் நிழல் விழுகிறது.
ஆகாயம் என்னுடையது,
அதன் அடியில் இருப்பவர்கள் கட்டுங்கள் என்கிறான்.
என்ன கட்ட?
அவன் உதடு இரண்டு முறை மூடுகிறது.
ராத்திரி முழுக்க யோசித்துக்
கப்பம் என்று எழுதினேன்.
பொருளும் ஒட்டியது, உதடும் ஒட்டியது.
எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

இன்னாசி அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார்.
"கப்பம்னா யாருக்கு மேடம் புரியும்?
வாடகைன்னு சொல்றேன்."
லிப் உட்காராது என்றான் கபூர்.
"உட்காரும். ஓட விடு."

காலையில்தான் விருகம்பாக்கத்தில்
மூன்று வீடு பார்த்துவிட்டு வந்திருந்தார்.
கதாநாயகன் குரல் வடபழனி சிக்னலில் மாட்டிக்கொண்டதால்
எதிரே பதில் சொல்ல ஆளில்லை.
காலி நாற்காலியைப் பார்த்து ஆரம்பித்தார்.

இடி இல்லை. கர்ஜனை இல்லை.
"தப்பா நினைக்காதீங்க தம்பி,
வாடகை தனி.
அட்வான்ஸ் பத்து மாசம்."

பத்து, மாசம்.
திரையில் உதடு மூடியது, மூடியது.
அவ்வளவு மரியாதையாக ஒருவன்
ஒரு நகரத்தை மிரட்டி நான் கேட்டதில்லை.
டீ கொண்டுவந்த பையன்
தட்டோடு நின்றுவிட்டான்.

கடைசி ரீல். கப்பல் எரிகிறது.
ககனராஜன் ஜன்னலோரம்
நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்,
பதினொரு வினாடி.
மூலத்தில் வசனம் இல்லை, வெறும் வயலின்.
ஒரு அலறல் மட்டும் கொடுங்கண்ணே என்றான் கபூர்.

அண்ணன் அலறவில்லை.
மைக்குக்குப் பக்கத்தில் வந்து,
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவர் குரலில்
"சரிங்க. மாசக் கடைசிக்குள்ள
காலி பண்ணிடுறேன்" என்றார்.

ஒளிவட்டு சுழல்வது கேட்டது.
கபூர் விரல் பொத்தான் மேலேயே இருந்தது,
என்னைப் பார்த்தான்.
வாய் தெரிந்தால் திருத்தியிருப்பேன்.
முதுகுக்கு என்ன இலக்கணம்?
தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது.
யாரும் புகார் செய்யவில்லை,
யாரும் பாராட்டவும் இல்லை.
நடுவில் சலவைத்தூள் விளம்பரம் ஆறு முறை வந்தது.

இப்போது அவருக்குக் கொளப்பாக்கத்தில் வீடு,
மூன்றாவது மாடி, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே.
மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானமெல்லாம்
கொடியில் காயும் துணியை உரசிக்கொண்டு போகுமாம்.
சில ராத்திரிகளில் போன் வரும்.
எதுவும் பேசாமல் வெளியே நீட்டுவார்.
இரைச்சல் வளர்ந்து, தலைக்கு மேல் நின்று, தேயும்.
"கேட்டுச்சா மேடம்? வந்துட்டுப் போறான்."

போனில் உதடு தெரியாது.
எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.
"கட்டிட்டீங்களா?" என்று கேட்பேன்.
"அஞ்சாந்தேதி வரைக்கும் டைம் இருக்கு" என்பார்.